சின்ன உடம்புக்கு என்ன குரல்

குழந்தை பிறந்ததும் அழவில்லை. ஆனால் அழுதது என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை; எப்படி அழுதது என்று வாயால் செய்தும் காட்டிவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பம்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு அவன் அவள் படுத்திருந்த அறைக்குள் போகவில்லை, பாவம். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. பெண் குழந்தை என்று அதற்குள் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். "அழுதாளா?" என்றாள்.

அறுவை அரங்கின் கதவுக்கு வெளியேதான் அவன் நின்றிருந்தான். கதவு திறந்தது. பச்சைத் துணியில் சுற்றிய எதையோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் ஓடினாள். பின்னாலேயே டாக்டர் ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது, தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது, எங்கேயோ ஒரு தட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்டது. குழந்தையின் சத்தம் கேட்கவில்லை. அவன் காதுக்குத் தப்பியிருக்க வழியே இல்லை. அவன் பிழைப்பே காதில்தான் ஓடுகிறது.

"அழுதா," என்றான்.

"எப்படி?"

வேறு யாராவது என்றால் 'நல்லா அழுதா' என்று சொல்லி முடித்திருப்பார்கள். இவனுடைய தொழில் புத்தி சும்மா இருக்குமா? மாசம் நிறையும் முன்னே வந்து இறங்கிவிட்ட பிள்ளை, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வந்தால் எந்தச் சுருதியில் வரும் என்று மனசு தானாக யோசித்துவிட்டது. உதட்டைக் குவித்து, மெல்லிசாக, உச்சத்தில், "ஈ... ஈ..." என்று இரண்டு தடவை செய்தான். அவள் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது.

"இன்னொரு தடவை," என்றாள்.

செய்தான். என்ன பண்ணுவான்?

அவனுக்கு விமானத் தளத்தில் வேலை, பறவை விரட்டுகிற வேலை. இதற்கெல்லாமா ஆள் வைப்பார்கள் என்று சிரிக்க வேண்டாம். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் புல்வெளி. புல் இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பறவை வரும், பறவை வந்தால் என்றைக்காவது ஒன்று இன்ஜினுக்குள் போகும். அப்புறம் சிரிக்க ஆள் இருக்காது. அதனால் ஒரு ஜீப், அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கி, ஓட்ட ஒரு டிரைவர், பக்கத்தில் இவன். கையில் மாட்டிக்கொண்ட பறவை உயிர்ப் பயத்தில் போடுகிற அலறலைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் அந்த இனத்துப் பறவைகள் எழும்பிப் போய்விடும். மனுஷரைப் போல நின்று வேடிக்கை பார்க்காது. அங்கே எல்லாரும் அவனை 'விரட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு அவசரத்தில் மாமியாரே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வாய் வழியாக ஒரு குழாய் தொண்டைக்குள் போனது. அது நழுவாமல் இருக்கக் கன்னத்தில் பட்டை பட்டையாகப் பிளாஸ்திரி. குரல் வருகிற இடத்தின் நடுவிலேயே குழாய் போகிறது, அதனால் அழுதாலும் சத்தம் வராது என்று டாக்டர் விளக்கினார். அது உண்மைதான். ஊசி போடும்போது முகம் சுருங்கும், வாய் கோணும், நெற்றி சிவந்துபோகும், கால் உதைக்கும். அழுகைக்கு வேண்டிய எல்லாம் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. கத்துகிற ஒருவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பார்ப்பதுபோல் இருக்கும். விரட்டி முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவன் பெண்டாட்டி அப்படி நிற்கவில்லை. தையல் இழுக்க இழுக்க நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய்ப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கையை நுழைக்க ஒரு வட்ட ஜன்னல் உண்டு. அதைத் திறந்து, ஒரு விரலைக் குழந்தையின் உள்ளங்கையில் வைப்பாள். வைத்துக்கொண்டு, "ஈ... ஈ..." என்பாள். இவன் கற்றுக்கொடுத்த சத்தம்.

"என்ன பண்றே?" என்று கேட்டான்.

"அவ சத்தத்தை அவளே மறந்துடக் கூடாதில்ல? அதான் ஞாபகப்படுத்தறேன்," என்றாள். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்க கேட்டீங்க, எங்க அம்மா கேட்டாங்க, ஓடின நர்ஸ் கேட்டாங்க. பெத்தவ நான் ஒருத்திதான் கேக்கல. கட்டையா கிடந்திருக்கேன்," என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தாலாட்டுபோல அந்தச் சத்தத்தைத் தொடர்ந்தாள். அந்த அறையில் மெஷின்கள் ஓயாமல் முனகும். வந்த அன்றைக்கு அவள் செய்த சத்தத்துக்கும் இப்போது செய்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் இருந்தது. முனகலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று அவள் தனக்கே தெரியாமல் சுருதியை ஏற்றிக்கொண்டே போயிருந்தாள். அவன் காது அதைப் பிடித்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நடைவழியில் மாமியார் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். அன்றைக்குக் கதவுக்கு வெளியே அவளும்தான் நின்றாள். எதுவும் கேட்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"சொல்லிடலாம்னு இருக்கேன் அத்தே," என்றான்.

"நீங்க சொன்னது சரின்னு நான் சொல்ல வரல மாப்ளே. ஆனா அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் என் பொண்ணு எழுந்து உக்காந்தா. இப்பப் போய்ப் பிடுங்கிடாதீங்க. குழந்தை நல்லபடியா வீட்டுக்கு வரட்டும். அப்புறம் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கப் போகுது?"

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில் வேலை இடத்தில் வேறு தலைவலி. ஆள்காட்டிகள் விரட்டினால் போக மறுத்தன. நீளக் கால், ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற வாய். எல்லாருக்கும் தெரிந்த பறவைதான். முன்பெல்லாம் அலறலைப் போட்டால் கூட்டமாக எழும்பும். இப்போது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் பூச்சி பொறுக்கப் போய்விடும். 'பக்கத்து வீட்டு ரேடியோ' என்று நினைக்கிறது போலிருக்கு என்று டிரைவர் சொன்னார். ஒரு நாள் காலையில் இறங்கிய விமானத்தின் முன்கண்ணாடியில் ஒன்று மோதிச் செத்தது. கண்ணாடியில் விரிசல்.

செத்த பறவையை விரட்டி கையில் எடுத்துப் பார்த்தான். இந்த வேலைக்கு வருமுன் அவன் ஒரு சதுப்பு நிலத்தில் பறவை ஆராய்ச்சிக்காரர்களோடு இருந்தவன். வலையில் விழுந்த பறவையின் காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, குரலைப் பதிவு செய்து பறக்க விடுவது அங்கே வேலை. சதுப்பில் பிடிக்கிற ஆள்காட்டி கையில் கனக்கும். இது கனக்கவே இல்லை. வளர்ந்த பறவைதான், இறகில் சந்தேகமில்லை, ஆனால் ஆளே சின்னது. பூச்சி மருந்து அடித்த புல்லில் தின்னக் கிடைத்ததைத் தின்று, அரை வயிறும் கால் வயிறுமாக வளர்ந்த தலைமுறை. அவனுக்கு உடனே பொறி தட்டியது.

அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு பதிவை மாற்றி மாற்றிக் கேட்டான். ஜீப்பில் இருக்கிற அலறல் எங்கேயோ தூரத்துச் சதுப்பில் எடுத்தது. தடித்த குரல், நிதானமான குரல். இங்கே புல்வெளியில் எடுத்த சாதாரணக் கூவலே அதைவிட எவ்வளவோ மேலே இருந்தது.

"என்னய்யா, பாட்டுக் கச்சேரியா?" என்று கேட்டுக்கொண்டே ஓடுதள அதிகாரி வந்தார். கோபக்காரர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிற மனுஷர்.

"சார், பெரிய உடம்புன்னா குரல் கீழ இருக்கும், சின்ன உடம்புன்னா மேல இருக்கும். பெரிய பானையையும் சின்னக் கிண்ணத்தையும் தட்டினா வர்ற வித்தியாசம்தான். இங்க இருக்கறதுங்க சின்னது. அது ஒண்ணு. ரெண்டாவது, நாள் முழுக்க இன்ஜின் சத்தம். அது அடித்தொண்டைச் சத்தம். அதுக்குக் கீழ கூவினா பக்கத்துல இருக்கிற ஜோடிக்கே கேக்காது. அதனால இன்னும் மேல ஏத்திக்கிட்டுதுங்க. நாம போடற அலறல் இதுங்களுக்குச் சொந்தக்காரன் குரல் மாதிரியே தெரியல."

"அப்ப அயலூர்க்காரன் கத்தறான்னு கண்டுக்காம இருக்குதுங்க."

"ஆமா சார்."

"சரி, என்ன பண்ணப் போறே?"

முறையாகச் செய்வதென்றால் இந்தப் புல்வெளியிலேயே ஒன்றை வலை போட்டுப் பிடித்து, அது கையில் அலறும்போது பதிவு செய்ய வேண்டும். வலைக்கு அனுமதி, அதற்கு ஆள், ஓடுபாதையை நிறுத்திவைக்க நேரம் என்று ஏகப்பட்ட ஏற்பாடு. விரட்டிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம். இருக்கிற பதிவையே கம்ப்யூட்டரில் சுருதி ஏற்றிவிடலாம் என்றான். பெரிய பறவையின் குரலைச் சின்னப் பறவையின் குரலாக்குவது, அவ்வளவுதானே? அதிகாரியும் சரி என்றுவிட்டார். காதுக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் வெயில் ஏறின பிறகு போட்டார்கள்.

முதல் சத்தத்துக்கே எல்லாம் எழும்பின. டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டி, "அடி சக்கை! வேலை செய்யுது தம்பி!" என்றார். அவர் வாயை மூடுமுன் பறவைகள் திரும்பின. போகவில்லை. இந்தப் பக்கம் வந்தன. புல்வெளியின் கோடியிலிருந்தும், வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும், எங்கே இருந்தோ எல்லாம் வந்தன. ஓடுபாதைக்குக் குறுக்கே தாழப் பறந்து, ஜீப்பைச் சுற்றி வட்டம் போட்டுக் கத்தின. டவரிலிருந்து வாக்கி-டாக்கியில் அலறினார்கள். இறங்கிக்கொண்டிருந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே இடிபோல் ஏறிப் போனது. அந்த இடியிலும் ஒரு பறவைகூட நகரவில்லை.

விரட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. குஞ்சு பொரிக்கிற பருவம் இது. ஏற்றின சுருதி எல்லையைத் தாண்டிவிட்டது. அது சின்னப் பறவையின் குரலாக ஆகவில்லை. குஞ்சின் குரலாக ஆகியிருக்கிறது. பெரியது அலறினால் மற்றவை ஓடும். குஞ்சு அலறினால் எந்தத் தாய் ஓடும்?

பாய்ந்து ஒலிபெருக்கியை அணைத்தான். பறவைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஒரு ஜோடி மட்டும் போகவில்லை. ஜீப்பின் முன்னால் இறங்கி, சக்கரத்தைச் சுற்றி நடந்தன. தலையைச் சாய்த்து வண்டியின் அடியில் பார்த்தன. ஒன்று கூவிவிட்டு நிற்கும், பதில் வருகிறதா என்று கேட்கும். மறுபடி கூவும். வண்டியின் அடியில் எண்ணெய்க் கறையைத் தவிர ஒன்றுமில்லை.

"குஞ்சைத் தேடுதுங்க," என்றார் டிரைவர். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "இல்லாத குஞ்சை எங்கன்னு தேடும், பாவம்."

விரட்டி ஜீப்பின் கதவைத் திறந்து இறங்கி, கையை வீசி அவற்றை விரட்டப் போனான். கை எழும்பவில்லை. வட்ட ஜன்னலில் விரலை நுழைத்துக்கொண்டு "ஈ... ஈ..." என்கிற முகம்தான் கண் முன்னால் வந்தது. அவளுக்கும் இதைத்தானே செய்து வைத்திருக்கிறான்? இல்லாத ஒரு குரலைத் தன் வாயால் செய்து கொடுத்து, அதைத் தேட விட்டிருக்கிறான். அவன் அப்படியே ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். டிரைவர் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி காய்ச்சி எடுத்துவிட்டார். "விரட்டச் சொன்னா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கே! மேல இருந்தவங்க எத்தனை உசுருன்னு தெரியுமா?" என்றார். இவன் எல்லாவற்றுக்கும் "தப்புதான் சார்" என்றான். ஒப்புக்கொள்கிறவனை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? கடைசியில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில குழாயை எடுக்கறாங்க சார்."

"அப்ப நாளைக்கு இங்க உன் மூஞ்சியைக் காட்டாதே. வலை போடறதை நாங்க பாத்துக்கறோம். போ."

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் அவன் ஆஸ்பத்திரிப் படி ஏறினான். ஏறும்போதே வாக்கியத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டான். எப்படி உருட்டினாலும் அசிங்கமாகத்தான் இருந்தது.

பெண்டாட்டி தலை வாரி, முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

"டாக்டர் சொல்லிட்டார் தெரியுமா? நாளைக்குக் குழாயை எடுத்துடுவாங்களாம். பக்கத்துல நிக்க விடுங்கன்னு கேட்டேன், சரின்னுட்டார்." அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நாளைக்கு நானும் கேட்டுடுவேன்."

"அதைப் பத்திதான் உன்கிட்ட..."

"அதே மாதிரிதானே இருக்கும்? கொஞ்சம் வளந்திருக்கா, அதனால கொஞ்சூண்டு இறங்கியிருக்குமோ? உங்களுக்குத்தான் தெரியுமே, சொல்லுங்க."

மாமியார் சுவரோரமாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலை லேசாக அசைந்தது. அந்தச் சமயம் பார்த்து டாக்டரும் உள்ளே வந்தார். நின்றபடியே மறுநாளைப் பற்றிச் சொன்னார். "இவ்வளவு நாள் குழாய் இருந்திருக்கு, தொண்டை வீங்கியிருக்கும். எடுத்ததும் தானா மூச்சு விடறாளான்னுதான் நாங்க பாப்போம். விட முடியலேன்னா மறுபடியும் போட வேண்டியிருக்கும். அதுக்கும் மனசைத் தயாரா வெச்சுக்கங்க. குரல் உடனே வரலாம், வராமலும் இருக்கலாம்."

"வரும் டாக்டர்," என்றாள் அவள். "பொறந்தப்பவே அழுத பொண்ணு."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விரட்டியின் முகத்தைப் பார்த்தார். "பாப்போம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

விரட்டிக்கு அவமானமாக இருந்தது. ஒட்டும் உறவும் இல்லாத ஒரு மனுஷர் தன் பொய்க்குக் கை கொடுத்துவிட்டுப் போகிறார். நாளைக்குக் காலையில் இருக்கிற பயத்தின் மேல் இதையும் ஏற்றி வைப்பதா? அவனால் முடியவில்லை. கோழை என்றால் கோழைதான்.

காலையில் அவர்களுக்கு நீல அங்கி மாட்டி, வாயில் துணி கட்டி, பெட்டியிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நிற்க வைத்தார்கள். மாமியார் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள். மூத்த நர்ஸ் குழந்தையின் கன்னத்துப் பிளாஸ்திரியை ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து உரித்தாள். அடியில் தோல் சிவந்திருந்தது. டாக்டர் குனிந்தார். குழாய் வெளியே வந்தது. அவ்வளவு நீளம் அந்த உடம்புக்குள் இருந்ததா என்று விரட்டி கண்ணாலேயே அளந்தான்.

குழந்தை அசையவில்லை. நெஞ்சு அசையவில்லை. மெஷின் முனகல் மட்டும் இருந்தது. நர்ஸ் பாதத்தில் சுண்டினாள். ஒன்றுமில்லை. அவன் பெண்டாட்டியின் நகம் அவன் முழங்கையில் புதைந்தது. டாக்டர் கையை நீட்டினார், எதற்கென்று இவர்களுக்குத் தெரியும். புதுக் குழாய்க்கு.

நர்ஸ் இன்னொரு தடவை சுண்டினாள்.

விலா குழிந்தது. ஒரு முறை. அப்புறம் இன்னொரு முறை, ஆழமாக. வாய் கோணியது, முகம் முழுக்கச் சிவந்தது, அவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருந்த அதே அழுகை. இந்தத் தடவை சத்தம் வந்தது.

கரகரவென்று ஒரு சத்தம். பழந்துணியைக் கிழித்ததுபோல், அடியில், தடித்து, நடுவில் அறுந்து அறுந்து. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று விரட்டி கனவிலும் நினைத்ததில்லை. அவன் படித்த பாடம் எல்லாம் பொய்யாகப் போனது. வீங்கின தொண்டை தன் பங்குக்கு ஒரு குரலைச் செய்து கொடுத்திருக்கிறது. டாக்டர் நிமிர்ந்து சிரித்தார். மூத்த நர்ஸ், "அப்பாடி! என்ன சவுண்டு பாரு இவளுக்கு!" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

"இது இல்லையே," என்றாள். அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் அகன்றிருந்தன. "இது அவ குரல் இல்லையே. அன்னைக்கு மெல்லிசா இருந்துதுன்னீங்களே. குழாயைப் போட்டுக் கெடுத்துட்டாங்களா? அவ குரல் போயிடுச்சா?"

"இல்லம்மா, வீக்கம் வடிஞ்சா..." என்று நர்ஸ் தொடங்கினாள்.

"முன்னாடி நல்லா இருந்துது சிஸ்டர்! நீங்க கேக்கல. இவர் கேட்டார். இவரைக் கேளுங்க. சொல்லுங்க, என்னங்க, எப்படி இருந்துதுன்னு சொல்லுங்க!"

குழந்தை அங்கே அழுதுகொண்டிருக்கிறது. பெற்றவள் அதைக் கேட்காமல், எங்கேயும் இல்லாத ஒரு குரல் தொலைந்துபோனதென்று இங்கே தவித்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேலும் ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷன் இல்லை.

"எதுவும் போகல," என்றான். வாயில் கட்டிய துணிக்குள் அவன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. "அன்னைக்கு அவ அழவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். நீ கண்ணைத் திறந்ததும் கேட்டியா... இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தச் சத்தம் நானா பண்ணினது."

அவள் அவனையே பார்த்தாள். அவன் முழங்கையிலிருந்து அவள் கை மெல்ல விலகியது.

"எங்க அம்மா?"

"அவங்களும் கேக்கல."

"அந்த நர்ஸு? அன்னைக்கு எடுத்துட்டு ஓடினாங்களே?"

"இல்ல. யாருமே கேக்கல."

"அப்ப..." அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். குழந்தை மூச்சு வாங்கி நிறுத்தி, மறுபடியும் அந்தக் கரகரப்பில் பிடித்துக்கொண்டது. "அப்ப இதான் முதல் தடவையா?"

"இதான்."

"இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதே இல்லையா?"

"இல்ல. யாரும் கேட்டதில்ல."

அவள் முகம் உடைந்தது. "உங்ககிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்," என்றாள். அதில் கோபம் இருந்தது, வீட்டுக்குப் போனதும் தீருகிற கோபமும் இல்லை அது. அவன் ஒதுங்கி வழி விட்டான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு எட்டைக் கடந்து, பெட்டியின் வட்ட ஜன்னலைத் திறந்து, காதை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"அழுடி," என்றாள். "நல்லா அழு. அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."